தொட்டியைக் கேட்டுப் பார்க்கும் ஆர்லீன்

முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு, கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார் ஆர்லீன் மாட்சன். ஈரமில்லை. எழுந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாய் முனகுகிறதா என்று சுவரில் காதை வைக்கிறார். வாழைப்பழக் கேக்கைக் கையில் திணித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் ஓடிய இந்த அம்மாளுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று வீட்டுக்காரி வெளியே கவலையோடு நிற்கிறாள்.

வீட்டைப் புதுப்பிக்கும் கான்ட்ராக்டர்கள், விசாரித்துக்கொள்ளச் சொல்லி, முன்பு வேலை செய்துகொடுத்த வீடுகளின் போன் நம்பரைத் தருவது டுலூத் நகரில் வழக்கம். மற்றவர்கள் போனில் விசாரிப்பார்கள். ஆர்லீன் நேரிலேயே போய்விடுவார். "போன்ல யாரு உண்மையப் பேசுறா? தொட்டி பேசும்" என்பார்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். தட்டில் மிச்சம் வைப்பதைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம் என்று நம்புகிறவர். வீட்டுக்கு வரும் கான்ட்ராக்டருக்கு வேண்டுமென்றே கழுநீர் போலக் காபி போட்டுக் கொடுப்பார். "பிரமாதம்" என்று சொன்னவன் பொய்யன்; அத்தோடு சரி. இப்படி இரண்டு பேர் போனார்கள். மூன்றாமவன் காபியைத் தொடவே இல்லை. ஆனால் அவன் வண்டியின் மேலிருந்த ஏணியில் வேறொருவன் பெயர் எழுதியிருந்தது.

"இந்த ஊர்ல காபி நல்லால்லன்னு மூஞ்சிக்கு நேரா எவன் சொல்வான்? உன் கணக்குப்படி நம்ம பாஸ்டரே பொய்யன்தான்" என்றார் கணவர் வெர்ன். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து அவரால் குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க முடியவில்லை. தொட்டியை எடுத்துவிட்டு, அவர் நடந்து போய்க் குளிக்கும்படி குளியலறையை மாற்றிக் கட்டத்தான் ஆள் தேடுகிறார்கள். அதுவரை அவர் தோளில் துண்டோடு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்க் குளித்துவருகிறார். பனி விழத் தொடங்கினால் அதுவும் நடக்காது.

ஆர்லீனுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் முன்பு ஆர்லீன் பட்ட பாடு அப்படி. சில வருஷங்களுக்கு முன் வாயெல்லாம் பல்லாக வந்த ஒருவனை நம்பி வீட்டை ஒப்படைத்துவிட்டு அக்காவைப் பார்க்கப் போனார். திரும்பி வருவதற்குள் அவன் சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, முன்பணத்தோடு கம்பி நீட்டியிருந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்கத் துணி துவைக்கும் மெஷின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார் பாவம்.

நான்காவதாக வந்தவள் டீனா பெலாஞ்சர். குளியல் தொட்டியை அளந்தாள், தரையைத் தட்டிப் பார்த்தாள், காபியில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவள் நம்பர் கொடுத்த மூன்று வீடுகளுக்கும் ஆர்லீன் போய்வந்தார். ஒரு தொட்டிகூடப் புகார் சொல்லவில்லை. மறுபடி வந்த டீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு வீட்டுலேருந்தும் எனக்கு போன் வந்துச்சும்மா. பரவால்ல, பாக்கட்டும்னு சொல்லிட்டேன். நானும் உங்களப் பத்தி விசாரிச்சேன். முன்னாடி உங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ராய்கிட்ட."

ஆர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு நாளும் அவன் முதுகுக்குப் பின்னாடியே நின்னீங்களாம். இன்னும் கனவுல வரீங்களாம். பின்னாடி ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது. ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற வேலைக்குப் போறேன்."

தன் வீட்டில், தன் காபியைக் குடித்துவிட்டு, தன்னையே தேர்வு வைக்கிறாளே என்று ஆர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தன அப்படி விட்டுட்டுத்தாம்மா போனேன். வந்து பாத்தா சமையலறையே இல்ல" என்றார். டீனா அளவு டேப்பை எடுத்துப் பையில் போட்டாள்.

வெர்ன்தான் மெல்லச் சொன்னார்: "ஆர்லீன், பக்கத்து வீட்டுக்காரன் சோப்பு வாசன எனக்குச் சகிக்கல."

திங்கட்கிழமை காலை டீனா குளியலறைக்குள் மண்டியிட்டாள். ஆர்லீன் வாசலில் நின்றார். முதல் அடியில் ஓடு உடைந்து தெறித்தது. அவருடைய ஒரு கால் தானாக உள்ளே போனது. டீனா திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தியலை மட்டும் அந்தரத்தில் நிறுத்தினாள். ஆர்லீன் காலைப் பின்னுக்கு எடுத்து, உள்ளே கை நீட்டிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது. வெளிப்பக்கக் கைப்பிடியை மட்டும் அவர் விடவே இல்லை.