ஒன்றரைக் கட்டை

என் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறினால் மரியாதை கூடிவிடும். அன்று மதியம் நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, "இன்னும் எவ்வளவு நேரம்தான் சுத்துவீங்க? ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்று லேப்டாப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

பழைய லேப்டாப் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதிது வாங்கியாயிற்று. ஆனால் அவள் இத்தனை நாள் இசை அமைத்த பழைய மென்பொருள் இதில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் புது மென்பொருள். நான் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் உதவி எண்ணில் உட்கார்ந்து, "அணைச்சிட்டு மறுபடி போடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். சொந்தத்தில் யார் வீட்டில் எது ஓடாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும்.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் மாமாவுக்கு. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வார நாளில் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். சனி, ஞாயிறில் ஓட்டல்களிலும் கம்பெனி விழாக்களிலும் பாடுவார். பின்னால் வாத்தியக்காரர் ஒருவரும் கிடையாது. டிரம்ஸ், கிடார், வயலின் எல்லாம் அக்கா வீட்டில் உட்கார்ந்து தயார் செய்து கொடுப்பதுதான். அவர் லேப்டாப்பை முன்னால் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு மைக்கைப் பிடித்தால் போதும். கைதட்டல் மொத்தமும் அவருக்கு. அக்கா பெயரை மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை. "அவ நம்ம ஆளுதானே, அதத் தனியா வேற சொல்லணுமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சட்டை செய்யவே மாட்டாள்.

மென்பொருளை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மின்னஞ்சல் கேட்டது. கடவுச்சொல் கேட்டது. போட்ட கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறது என்று குறை சொன்னது. கடைசியில், நீங்கள் மனிதர்தானா என்று உறுதிசெய்யச் சொன்னது. "உங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சுன்னா நான் என்னங்க பண்றது?" என்றாள் அக்கா.

திறந்த பிறகும் சனி விடவில்லை. கீபோர்டில் விரல் வைத்தால் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. "கூப்பிட்டு நாழி கழிச்சு 'என்ன?'ன்னு கேப்பாரே உங்க மாமா, அதே மாதிரி" என்றாள். எங்கேயோ ஒரு எண்ணைக் குறைத்து அதைச் சரிசெய்தேன். அப்புறம் விரல்கள் தகராறு செய்தன. பழையதில் சேமிக்க அழுத்திய விசை இதில் அழித்துவிடுகிறது. பாதி வயலினைக் காணோம். மீட்டுக் கொடுத்தேன். மறுபடி அழித்தாள். அவள் விரல்களைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தனை வருஷப் பழக்கம்.

கடைசியில் பென் டிரைவில் இருந்த பழைய பாட்டு ஒன்றை எடுத்து உள்ளே போட்டோம். போட்ட மாத்திரத்தில் திரையின் மேலே கொட்டை எழுத்தில் 'ஏ மைனர்' என்று வந்தது.

"இது என்ன?" என்றாள்.

"பாட்டோட சுருதி. அதுவே கேட்டுக் கண்டுபிடிச்சுப் போடுது. நல்ல வசதிதானே?"

"எடுத்துட முடியுமா?"

"எதுக்கு எடுக்கணும்?"

அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

ஆறு வருஷத்துக்கு முன் மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, உச்சியில் குரல் எட்டவில்லை. மனுஷன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அக்கா பொறுக்க முடியாமல் அவருடைய பாட்டுகளின் சுருதியை அரைக் கட்டை இறக்கினாள். உயர்ந்த அலமாரியை ஒரு தட்டு குறைத்து வைத்த மாதிரி, கை எட்டிவிடும். மாமா பாடினார், எட்டியது. "பாத்தியா, கொரல் திரும்பிடுச்சு!" என்று குதித்தார். உடம்பு தேறியதும் ஏற்றிவிடலாம் என்று இருந்தவள் ஏற்றவில்லை. பிறகு இன்னொரு அரை. அப்புறம் மற்றொரு அரை. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல். பின்னணி எந்தச் சுருதியில் வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர் அவர், வித்தியாசம் தெரியவில்லை. பழைய மென்பொருளும் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லிட வேண்டியதுதானேக்கா?"

"பட்டுக்குரல் கதை தெரியாதா உனக்கு?"

தெரியும். பட்டுக்குரல் என்பது மாமாவைவிடச் சின்னவரான இன்னொரு பாடகர். அந்தப் பட்டத்தை விசிட்டிங் கார்டில் தானே போட்டுக்கொண்டவர். வயதுக்கு ஏற்பச் சுருதியை இறக்கிப் பாடுகிறேன் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்குச் சாப்பாட்டோடு அவரையும் மென்றால்தான் இறங்கும். "சுதிய எறக்கிப் பாடறதுக்குப் பாடாமலே இருக்கலாம். எனக்கு அந்த நெலம வந்தா அன்னிக்கே மைக்கக் கீழ வச்சிடுவேன்" என்பார். சொன்னால் செய்கிற ஆள்தான், ரோஷக்காரர்.

"பாட்டும் போயிட்டா அந்த மனுஷன்கிட்ட என்னடி மிச்சம் இருக்கும்?" என்று அக்கா அழுதாள். எனக்கு மாமா மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

உதவி எண்ணில் இருக்கிறவளுக்கு யோசனைக்கா பஞ்சம்? "அவர் எழுத்தத்தானே பார்ப்பார்? எழுத்த மாத்திட்டாப் போச்சு" என்றேன். அதன்மேல் தட்டினேன், ஒரு பட்டியல் விரிந்தது. பழைய சுருதியான சி மைனரைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படியே பழைய எழுத்தைப் போட்டோம். வேலை முடிந்ததும் டீ போட்டுக் குடித்தோம். ஒரு பாட்டையாவது ஓடவிட்டுப் பார்த்தோமா என்றால், இல்லை.

சனிக்கிழமை காலை மாமா ஒத்திகை பார்க்கக் கூடத்தில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் சமையலறையில் இருந்தோம். இசை தொடங்கியதும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "ஏய், மேல போகுதுடி" என்றாள். எழுத்தை மாற்றினால் பாட்டையும் அந்தச் சுருதிக்கு ஏற்றிவிடும் அளவுக்கு அந்த மென்பொருள் அதிகப்பிரசங்கி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நாங்கள் கூடத்துக்கு ஓடுவதற்குள் மாமா உச்சியைத் தொடப் போய்விட்டார். குரல் கீச்சென்று உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினார். அதே இடத்தில் மறுபடி உடைந்தது. லேப்டாப்பை மூடினார்.

"போச்சும்மா. போன வாரம்கூட வந்துச்சு. ஓட்டல்காரருக்குப் போன் பண்ணி, இனிமே நான் வரலன்னு சொல்லிடு."

"லேப்டாப்லதான் ஏதோ கோளாறு மாமா" என்று ஆரம்பித்தேன். பொய்யும் இல்லை, பாருங்கள்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, தொண்டை கட்டியதிலிருந்து கொட்டை எழுத்து வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "மொத்தம் எவ்வளவு?" என்றார்.

"ஒன்றரைக் கட்டை."

"பட்டுக்குரல நான் கிழிகிழின்னு கிழிக்கும்போதெல்லாம் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னிக்குப் பாடிக்கிட்டிருப்பீங்களா?"

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "கடைக்கு வர்றவங்ககிட்ட, வயசானா பவர் மாறத்தான் செய்யும், இதுல என்ன வெக்கம்னு கேக்கறீங்களே மாமா?"

"அது கண்ணு. இது கொரல்" என்றார். அதற்கு மேல் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

போனை எடுத்தார். ஓட்டலுக்குத்தான் என்று அக்கா பதறிப்போனாள். அவர் கூப்பிட்டது பட்டுக்குரலை. மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"தம்பி, ஒன்னு கேக்கணும். நீ எவ்வளவு எறக்கிப் பாடற?"

"அரைக் கட்டைதாண்ணே. அதுக்கே என்னைய ஊரெல்லாம் நாறடிக்கிறீங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். "அரைதானா?"

"அரையேதாண்ணே."

"இனிமே உன்னப் பத்தி ஒன்னும் சொல்ல மாட்டேன் தம்பி."

"ஏண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அந்தக் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். மாமா போனை வைத்தார். லேப்டாப்பைத் திறந்து அக்கா பக்கம் தள்ளினார்.

"பழையபடி மாத்து."

அக்கா சட்டென்று மாற்றினாள். திரையில் 'ஏ மைனர்' வந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் ஒரு அரை எறக்கு" என்றார்.

"இதுவரைக்கும் இதுலதானே பாடினீங்க? நல்லாத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு. பாடி முடிச்சா தொண்ட வலிக்குது. ஒரு வருஷமாவே அப்படித்தான்."

"ஒரு வருஷமாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னா நீ சுதிய எறக்கிடுவியோன்னு பயந்துதான்."

அக்கா லேப்டாப் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கினாள்.