வலது முழங்கால்

என் புருஷன் லாக்லன் பர்டி நொண்டி இல்லை. இருபத்திரண்டு வருஷம் நொண்டினார், அவ்வளவுதான்.

டன்பாரோ ஊர் மரஆலைக்காரர் மகன். மார்கழியில் ஆறு உறைந்ததும், செருப்புக் கடைக்காரர் மகன் வில்பர்ட் சேயர்ஸோடு ஐஸ் ஹாக்கி ஆட அதில் இறங்கினால் சோற்றுக்குத்தான் கரையேறுவார். ஒருவர் மட்டையிலிருந்து மற்றவர் மட்டைக்கு ரப்பர் வட்டு பார்க்காமலே போகும். வடக்கே ஹார்னெட் வெள்ளிச் சுரங்க ஊரில் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லாக்லன் போனபோது, ஊரே காறித் துப்பியது. விளையாட்டுக்குக் கூலி வாங்குகிறவன் மானங்கெட்டவன் என்று மாதாகோவிலில் பிரசங்கமே நடந்தது. ஐந்து வருஷத்தில் அதே ஊர் சம்பளத்துக்கு ஆள் பிடித்துத் தனக்கும் ஒரு அணி வைத்துக்கொண்டது. அதற்கு வில்பர்ட் கேப்டன். அப்போது பிரசங்கம் செய்ய யாரையும் காணோம்!

பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு மணி நேரமும் அதே ஏழு பேர்தான், மாற்று ஆள் கிடையாது. காலுறைக்குள் பழைய பத்திரிகைகளைத் திணித்துக்கொண்டு அடி வாங்குவார்கள். ஒருவன் அடிபட்டு வெளியே போனால், எதிர் அணியும் ஒருவனை வெளியே அனுப்பிச் சமமாக்கும். யாரை அனுப்புவது என்பது அந்தக் கேப்டனின் பெருந்தன்மை.

1909 பிப்ரவரியில் டன்பாரோ அணி ஹார்னெட்டுக்கு வந்தது. லாக்லனுக்கு முப்பத்து நான்கு வயது. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அன்று காலை எங்கள் வாடகை அறையில், பூட்ஸ் கயிற்றைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"மானேஜர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கடைசிப் பத்து நிமிஷத்துல விழுந்துடணுமாம். விழுந்தது நான்னா, சமமாக்க வில்பர்ட் தானே வெளிய வந்துடுவானாம். அவனுக்கு எம்மேல அவ்ளோ பிரியமாம்."

"இல்லேன்னா?"

"அடுத்த வருஷம் நான் வேணாமாம், எஃபி."

மறுபடியும் மரஆலையா, ஊரார் இளிப்பா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு பழைய படுக்கை விரிப்பைக் கட்டுத்துணியாகக் கிழித்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

கோல் நான்குக்கு நான்கு. டன்பாரோவின் நான்கில் மூன்று வில்பர்ட் போட்டது. லாக்லன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மானேஜர் சொன்னபடியே நடந்தது. வில்பர்ட் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "லாக்லன் இல்லாத ஆட்டத்துல எனக்கென்ன வேலை?" என்று சொல்லி, அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு உடைமாற்றும் கொட்டகைக்கு வந்தார்.

வில்பர்ட் வாசலில் குனிந்து இரண்டு கையிலும் பனியை அள்ளிவந்து முழங்காலில் வைத்து அழுத்தினார். லாக்லன் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ!" என்று கத்தினார். நான் கட்டுத்துணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஹார்னெட்காரர்கள் இரண்டு தடவை ஆரவாரம் செய்தார்கள். இரண்டு கோல். வில்பர்ட் கையை எடுக்கவே இல்லை.

அப்படியும் அடுத்த வருஷம் ஹார்னெட் அவரைக் கூப்பிடவில்லை. கால் ஒடிந்தவன் எதற்கு என்றார் மானேஜர், கூசாமல். டன்பாரோவுக்குத் திரும்பினோம். நொண்டித்தான் ஆகவேண்டும். சில நாள் மறந்து விறுவிறுவென்று நடப்பார். "காலு! காலு!" என்று பின்னாலிருந்து பல்லைக் கடிப்பேன். எங்கே போனாலும் எழுந்து இடம் கொடுத்தார்கள். இரும்புப் பூண் போட்ட கைத்தடி ஒன்றை வில்பர்ட்டே செய்து கொடுத்தார்.

புத்தாண்டு அன்று ஆற்றில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம் நடக்கும். பெரிய அணிகள் மாற்று ஆள் வைத்துக்கொண்ட பிறகும் எங்கள் ஆற்றில் பழைய வழக்கம்தான். மனைவியை இழந்த வில்பர்ட், ஐம்பத்தாறு வயதில், ஆகாதவர்களுக்குக் கேப்டன். போன வருஷம் எதிர் அணியில் பேக்கரி ஹெக்டர் கணுக்கால் பிசகி விழுந்தான். வில்பர்ட் உடனே தானே வெளியே வந்து, கரையில் எங்கள் பக்கத்தில் மரக்கட்டையில் உட்கார்ந்தார்.

லாக்லன் கைத்தடியைப் பனியில் வீசிவிட்டு எழுந்து நின்றார்.

"வில்பர்ட், எங்காலுக்கு ஒண்ணும் இல்லடா. அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. உன்ன வெளிய இழுக்கத்தான் விழுந்தேன்."

வில்பர்ட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்தக் காலு?" என்றார்.

"வலது."

"நான் பனி வச்சது இடது முட்டியிலடா. அப்பவும் ஐயோன்னு கத்துன."

லாக்லன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சுமா? நான் நடிக்கிறேன்னு சொல்லிட்டுத் திரும்ப எறங்கியிருக்கலாமே! உன் ஆட்டம் போச்சேடா."

"எறங்கணும்னுதான் எழுந்திருக்கப் பார்த்தேன்." எனக்குக் கேட்கக் கூடாதென்று வில்பர்ட் குரலைத் தாழ்த்தினார். "எஃபி பக்கத்துல நின்னுட்டிருந்தா. உனக்காகக் கையில துணிய வச்சுக்கிட்டு, தலையக் கூட நிமிர்த்தாம. பாவம், அந்தப் பொண்ணு முன்னால நீ இன்ன மாதிரி ஆளுன்னு எப்படிடா சொல்றது?"

லாக்லன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் துணியைக் காலையிலேயே கிழித்து வைத்தேன் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை.