முப்பத்திரண்டு பிட் குரல்

ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் ஒரு அலுவலகத்தில் என் நண்பன் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் தமிழில் படித்துச் சொல்ல, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே சரக்குப் பட்டியல்களைச் சரிபார்ப்பான். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்.

பழைய மெஷின் படுத்துவிட்டது. புதிதாக வந்ததில் அறுபத்துநான்கு பிட் லினக்ஸ். அவனுக்குப் பழகிய குரலோ முப்பத்திரண்டு பிட் காலத்து மென்பொருள், இதில் அப்படியே ஓடாது. அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். வேறு குரல்களைப் போட்டுப் பார்த்தோம், அவனுக்கு ஒத்துவரவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா அவரை போன் எடுக்குற சீட்டுக்கு மாத்திடுவேன்" என்றார் மேனேஜர். இந்தப் பட்டியல் வேலையை வாங்க அவன் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டினான் என்று எனக்குத் தெரியும்.

"பேஜாராவாத மாமு, அதான் நீ கீறியே" என்றான் அவன். அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

குரலை இயக்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றது மெஷின். கோப்பு என் கண்முன்னால் இருக்கிறது! உண்மையில் இல்லாதவை அது ஓடுவதற்கு வேண்டிய துணைக் கோப்புகள், முப்பத்திரண்டு பிட் லைப்ரரிகள். எனக்குப் பொறுமை கம்மி. பழைய டிஸ்க்கிலிருந்து அவற்றை அள்ளி, புதிய மெஷினில் இருந்தவற்றின் மேலேயே போட்டேன். பெயர் ஒன்றுதானே என்ற நினைப்பு. அடுத்த நிமிடம் ஒரு கட்டளையும் ஓடவில்லை. மெஷின் மொத்தமும் போயிற்று. முட்டாள்தனம், வேறென்ன?

சனிக்கிழமை எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். இம்முறை ஒழுங்காக, முப்பத்திரண்டு பிட்டையும் ஏற்றுக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்லிவிட்டு, அதன் லைப்ரரிகளைத் தனி இடத்தில் நிறுவினேன். ஒரே பெயரில் இரண்டும் இருக்கும். ஒன்று மற்றதன் வழிக்குப் போகாது. பழைய டிஸ்க்கிலிருந்து அவனுடைய செட்டிங்குகளையும் கொண்டுவந்தேன். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது.

ஆனால் அது குரலா? தாளிப்பில் கடுகு வெடிப்பது போல ஒரே படபடப்பு. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒலிக்கான லைப்ரரியை மாற்றினேன். திரும்பவும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் நேராக அலுவலகத்துக்கு வந்தபோது கையை விரித்துவிட்டேன்.

"முடியல நைனா. வாய்க்கு வந்தத ஒளறுது. அழிச்சிட்டு வேற எதுனா போடுறேன். மன்னிச்சிடு." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் முகம் சுருங்கிப்போனது. "எங்க, ஒரு தபா போடு."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் விரல்கள் கீபோர்டைத் தேடிப் போயின. வெள்ளிக்கிழமை பாக்கியாக நின்ற பட்டியலைத் திறந்தான். படபடவென்று ஓடியது.

"மூணாவது வரில எடை தப்பா கீது பாரு."

பார்த்தேன். தப்புதான்.

"இன்னா மாமு, நல்லாத்தான பேசுது? நான் எப்பவும் இந்த ஸ்பீடுலதான் கேக்குறது."

பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அந்த ஹெட்போனை ஒரு நாளாவது வாங்கி என் காதில் வைத்ததில்லை. நன்றாக இருந்த குரலை இரண்டு நாளாகப் பழுது பார்த்திருக்கிறேன். அவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால், அழித்தே இருப்பேன்.