பதினைந்து நாள் வேலை

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர்கீழே படுப்பது நான். அத்தை மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்த அன்றைக்கே அந்த இடம் பறிபோனது. புயல் மழையில் பனமலை ஏரி நிரம்பி வழிந்து, அத்தையின் மண்சுவர் வீடு உட்கார்ந்துவிட்டது. பத்து நாள் இருந்துவிட்டுப் போவார்கள் என்றார் நைனா. நானும் நம்பினேன். ஒன்றரை வருஷம் ஆனது. சின்னவன் என் ஜியாமெட்ரி பாக்ஸில் வண்டு வளர்த்தான். பெரியவள் என் ரிப்பனைக் கட்டிக்கொண்டு அழகா இருக்குதா என்று என்னிடமே கேட்டாள். காலையில் கக்கூசுக்கு வரிசை வேறு. ஒன்பது வயதிலேயே எனக்கு வாழ்க்கை வெறுத்துப்போயிருந்தது.

எல்லோரையும்விட எரிச்சல் மூட்டியவர் நைனாதான். அவர் கொத்தனார். செஞ்சியில் பாதி மாடி வீடுகள் அவர் கைபட்டவை என்று அம்மா பெருமையடிப்பாள். ஆனால் சொந்தத் தங்கச்சிக்கு ஒரு வீடு எழுப்ப மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. கேட்டால் ஆடி மாசம் என்பார். ஆடி போனால் மணல் வரவில்லை. மணல் வந்தால் சித்தாள் இல்லை. சித்தாளும் வந்துவிட்டால் முதுகுவலி. மாமா, அதாவது அத்தையின் கணவர், மாதத்துக்கு ஒருமுறை வந்து வாசலில் நின்று, எப்பத்தான் கட்டித் தரப்போறீங்க என்று கத்திவிட்டுப் போவார். வரும்போதே கண் சிவந்திருக்கும், பக்கத்தில் போனால் வாடை அடிக்கும். எனக்கென்னவோ அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவர் கேட்பது நியாயம்தானே?

புயல் அடித்த வாரம் ரொட்டியும் போர்வையும் லாரி லாரியாக வந்து இறங்கின. வருஷம் திரும்பியதும் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. யார் யாரோ கொடுத்த செங்கலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன, கட்டத்தான் ஆள் இல்லை. அதற்காகவே ஊர்ப் பையன்கள் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த திடலில் மெல்லிசைக் கச்சேரி வைத்தார்கள். டிக்கெட் கிடையாது. பிடித்த பாட்டு வேண்டுமென்றால் சீட்டில் பாட்டை எழுதி, அதற்குக் கீழே தன் பேரைப் போட்டு, இத்தனை நாள் கூலியில்லாமல் வேலை செய்கிறேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். மைக்கில் பேரைப் படித்த பிறகுதான் பாட்டு.

நல்ல யோசனைதான். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சீரழித்துவிட்டார்கள். ஒருத்தராவது சொந்தப் பேரை எழுத வேண்டுமே. முதல் சீட்டிலேயே ஒரு தையல்காரர் தன் மச்சான் பேரைப் போட்டு மூன்று நாள் மண் சுமக்க வைத்தார். மச்சான் சும்மா இருப்பாரா? தையல்காரருக்கு ஐந்து நாள் எழுதினார். அப்புறம் மருமகன்கள், பங்காளிகள், கச்சேரிக்கே வராத ஒரு கணக்கு வாத்தியார் என்று ஆளாளுக்கு மாட்டிவிட்டார்கள். ஊர் முன்னால் பேரைப் படித்தபின் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கீபோர்டுக்காரர்தான் பாட்டை ஆரம்பிப்பதும் நிறுத்துவதுமாக நொந்துபோனார்.

எனக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. ஓடிப்போய் ஒரு சீட்டு வாங்கினேன். ஒரு குத்துப்பாட்டின் முதல் வரியை எழுதி, நைனாவின் பேரைப் போட்டு, 'பனமலையில் தங்கச்சி வீட்டுக்கு 15 நாள் கொத்து வேளை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அறிவிப்பாளர் விடுவாரா? இது வேலையா வேளையா, பதினைந்து நாளும் மூணு வேளை சோறு கேக்கறாரா கொத்தனாரு என்று மைக்கில் கேட்டார். திடலே சிரித்தது. கொத்தனார் எழுந்து ஒரு கும்பிடு போடட்டும் என்றார்.

நைனா எழுந்து கும்பிட்டார். கைதட்டினார்கள். அத்தை சின்னவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடியும்வரை நைனா உட்காரவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, எழுதியது நான்தான் என்று பீற்றிக்கொண்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தைதான் தடுத்தாள்.

"வுடு அண்ணி. அண்ணனும் எவ்ளோ நாளைக்குத்தான் சாக்கு சொல்லிக்கினு இருக்கும்?"

அத்தையும் என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாளில் முடியவில்லை, நாற்பது நாள் ஆனது. நாலு செங்கல் வைப்பதற்குள் நாற்பது தரம் தூக்குக்குண்டு போட்டுச் சுவர் நேர் பார்க்கிறார் என்று கூடப் போன சித்தாள் புலம்பினாள். கடைசியில் மாமா ஒரு மினி லாரியோடு வந்தார். அத்தை சாமானை ஏற்றினாள், பிள்ளைகளை ஏற்றினாள், தானும் ஏறினாள். அன்று மத்தியானமே நான் ஃபேனுக்குக் கீழே கைகாலைப் பரப்பிக்கொண்டு படுத்தேன்.

வீடு இடிந்துவிட்டது, அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்றால் ஊர் கேட்டுக்கொள்ளும். புருஷன் அடி தாங்காமல் வந்துவிட்டேன் என்றால் நாலு பேர் கூடிப் புத்தி சொல்லி அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார்கள். இடிந்த அந்தச் சுவர்தான் அத்தையை ஒன்றரை வருஷம் காப்பாற்றியது, அதனால்தான் நைனா அதைத் தொடவில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒன்பது வயதுக்காரியை ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் அவள் அதோடும் நிறுத்தவில்லை. அடுத்த பொங்கலுக்கு அத்தை வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். புதுத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நைனா அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமான கோபம் வந்தது. பேர் பெற்ற கொத்தனார், ஒரு தரையைப் பூசத் தெரியவில்லை.

"இன்னா நைனா, தரைய இவ்ளோ வழவழன்னா பூசுவாங்க? எல்லாம் உன் தப்புதான்" என்றேன்.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றார் நைனா.

ஒருவழியாக ஒப்புக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.