கேபிளைக் கழற்றிய பிறகு வந்த மரண அறிவித்தல்

கடலில் ஒரு மூங்கில் வீடு மிதந்து வந்து எங்கள் கரைப்பக்கம் ஒதுங்கியதே, நினைவிருக்கிறதா? பெரிய மூங்கில்களை வரிந்து கட்டிய மிதவை. மேலே ஒரு சின்னக் கொட்டில். உள்ளே ஆளில்லை. எந்த நாட்டுப் பொருள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. சனம் ஓட்டோ பிடித்து வந்து பார்த்தது, முன்னுக்கு நின்று படம் எடுத்தது. நான் கிட்டப் போகவில்லை. ஆளில்லாமல் வருகிற எதையும் நான் தொடுவதில்லை. அந்த மிதவையின் பரபரப்பு ஓய்ந்த கிழமைதான் எங்கள் வீட்டுக் கேபிள் வயரும் கழன்றது.

நான் சொல்லச் சொல்ல இதை மகள்தான் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. எட்டு வயதில் கரைவலை இழுக்கப் போனவன். பஸ்ஸின் முன்பலகையை எழுத்துகளின் உருவத்தை வைத்து அறிவேன், கையெழுத்து வைப்பேன், அதோடு சரி. கேபிளைக் கழற்றச் சொன்னவளும் இவள்தான் என்பதால் சில இடங்களில் பேனை நின்றுவிடுகிறது. "உதையும் எழுதவோ அப்பா?" என்கிறாள். எழுது என்கிறேன்.

கேபிள் கட்டணம் ஏறிக்கொண்டே போனது உண்மை. மழை பெய்தால் படம் புள்ளி புள்ளியாகப் போனதும் உண்மை. இருந்த நூறு சனலில் மகள் பார்த்தது ஒன்று, நான் பார்த்தது ஒன்று. கனடாவில் இருக்கும் மகன் போனில் சொன்னான்:

"ஏன் உந்தக் கேபிளுக்குக் கொண்டுபோய்க் கொட்டிறியள்? படம் பாக்க நான் இஞ்சை மாதம் மாதம் கட்டிறன்தானே. அதிலையே நீங்களும் பாக்கலாம்."

"நீ அங்கை கட்டினதிலை நாங்கள் இஞ்சை எப்பிடியடா பாக்கிறது?"

"வைபை இருக்கெல்லோ. நாங்கள் எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிற மாதிரித்தான் அப்பா."

ஒரு வீட்டுக்குள் இருக்கிறவன் பதினாறு வருடம் முகத்தைக் காட்டாமல் இருப்பானா என்று கேட்க வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

கேபிளை விடமாட்டேன் என்று நான் நின்றது படத்துக்காக அல்ல. எங்கள் கேபிளில் உள்ளூர்ச் சனல் ஒன்று உண்டு. பொழுதுபடுகிற நேரம் அதில் மரண அறிவித்தல் போகும். செத்தவரின் படத்தைப் போட்டு, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், பிள்ளைகள் கனடா, லண்டன், சுவிஸ், கிரியை எத்தனை மணிக்கு, எந்தச் சுடலை என்று ஒரு பிள்ளை நிதானமாக வாசிப்பாள். பேப்பர் வாசிக்கத் தெரியாத எனக்கு அதுதான் பேப்பர். அதில் நான் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அது வரவில்லை என்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்த முகம் என் கூட்டாளியினுடையது. இருபத்திரண்டு வருடம் ஒரே மீன்பிடிப் போட்டில் போனவர்கள் நாங்கள். அவனுடைய தமையனும் எங்களோடு வந்தவர். நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கையை வைத்தே சொல்லுகிற மனிதர். எனக்கு வலை போடப் பழக்கினதும் அவர்தான். பிறகு கூட்டாளியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அவன் நேரில் வந்து சொல்லவில்லை. அழைப்பிதழை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினான். எங்கள் ஆட்களில் அது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று சொல்லத் தேவையில்லை. நான் போகவில்லை. அவனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கலியாணம் முடியத் தமையனையும் கூட்டிக்கொண்டு மகளோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் குடிபோய்விட்டான். ஒன்பது வருடம் பேச்சில்லை.

ஆனால் செத்தவீடு வேறு. அதற்கு அழைப்பு இல்லை. அறிந்தால் போய்த்தான் ஆகவேண்டும். என் பயமெல்லாம் அறியாமல் விட்டுவிடுவேனோ என்பதுதான். கோபமாக இருக்கிற வீட்டிலிருந்து எனக்கு யார் ஆளனுப்பப் போகிறார்கள்? அவன் போய், நான் அவன் முகத்தைப் பார்க்காமல் விட்டால், கலியாணத்துக்கு வராதவன் செத்தவீட்டுக்கும் வரவில்லை என்றுதான் கதைப்பார்கள். கதைப்பவர்கள் கதைக்கட்டும். எனக்கே பொறுக்காது.

இதை நான் மகளிடம் சொல்லவில்லை. ஆகையால் அவள் கேபிள்காரரைக் கூப்பிட்டாள். அவர் முருங்கையில் சுற்றியிருந்த வயரை உருவி எடுத்துக்கொண்டு போனார்.

மகன் சொன்னபடி வைபையில் ரீவியைப் போட்டவுடன் அது முதலில் ஒரு கேள்வி கேட்டது. கீழே ஐந்து பொம்மை முகங்கள். பார்ப்பது யார் என்று கேட்கிறதாம்.

"ரீவிக்கு அது ஏன் தெரியவேணும்?" என்றேன்.

"ஆளாளுக்கு ஏத்தது போடத்தான் அப்பா. கடைசியா இருக்கிறது நீங்கள். அமத்துங்கோ."

கடைசியில் இருந்தது தாடி வைத்த ஒரு பொம்மை. நான் ஒருநாளும் தாடி வைத்ததில்லை.

கடலில் நாங்கள் வோக்கிடோக்கியில் கதைப்போம். எங்கே நிற்கிறாய், என்ன பட்டது என்று மற்றப் போட்காரர் கேட்பார்கள். போட் நிறைய மீன் கிடந்தாலும், "ஒண்டுமில்லை அண்ணை, வெறும் தண்ணி" என்பான் கூட்டாளி. கரைக்கு வந்து பெட்டியை இறக்கும்போது எல்லோரும் எங்களை ஏசுவார்கள். அடுத்த நாள் அவர்களும் அதையே செய்வார்கள். எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறவனுக்கு உன் மீனில் கண் இருக்கிறது. இந்த ரீவிப் பெட்டி யார் பார்ப்பது என்று கேட்டபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நான்கு நாள் போகவில்லை, மகன் போன் எடுத்தான்.

"என்ன அப்பா, அந்தச் சண்டைப் படத்தைப் பாதியிலை விட்டிட்டியள்?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்சை காட்டுது."

"வேறை என்னவெல்லாம் காட்டுது?"

"பயப்பிடாதேங்கோ, நீங்கள் நித்திரை கொள்ளுறதைக் காட்டேல்லை" என்று சிரித்தான். அவனுக்குப் பகிடி. நான் அன்றைக்கே உடுக்கிற சாறத்தை மடித்து ரீவியின் மேல் போட்டேன். மகள் அதை எடுப்பாள், நான் திரும்பப் போடுவேன். பிறகு முழங்கால் நோவுக்கு எண்ணெய் வாங்கவேண்டும் என்று நானும் மகளும் குசினியில் சமையலுக்கிடையே கதைத்தோம். அடுத்த நாள் அவளுடைய போனில் முழங்கால் எண்ணெய் விளம்பரம். அதற்குப் பிறகு குசினியிலும் மெல்லமாகத்தான் கதைத்தேன்.

மரண அறிவித்தல் இல்லாமல் நான் படுகிற பாட்டை மகள் ஒருமாதிரிக் கண்டுபிடித்துவிட்டாள். எந்த முகத்துக்காக என்று மட்டும் தெரியாது.

"உதிலையும் செத்தவீட்டு அறிவித்தல் வரும் அப்பா. ரிமோட்டிலை இந்த மைக்கை அமத்திப்போட்டுச் சொல்லுங்கோ. தேடித் தரும்."

அமத்தினேன். சொன்னேன். வந்தது. ஒன்றல்ல, வரிசை வரிசையாக முகங்கள். இத்தனை பேரா ஒரே நாளில் செத்தார்கள் என்று கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததோடு விட்டுவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். இருபது வருடம் கேபிள் பார்த்தவனுக்கு, அறிவித்தலில் முகம் வந்தால் அது இன்றைய சாவு. வேறு விதமாக எண்ண எனக்குத் தெரியாது.

ஒரு காலை மகள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சாறத்தை எடுத்துவிட்டு ரீவியைப் போட்டேன். மூன்றாவது முகம் அவன். அதே அகன்ற நெற்றி, அதே மீசை, வெயிலுக்குச் சுருக்கின கண். வாசிக்க யாருமில்லை. நாதஸ்வரம் மட்டும் போனது, எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டு போயின. என்னால் அவற்றோடு என்ன செய்யமுடியும்?

வெள்ளை வேட்டியைக் கட்டினேன். பக்கத்து வீட்டில், திருநெல்வேலியில் செத்தவீடு, மகளிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பருத்தித்துறையில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி, பலாலி வீதியால் போகிற பஸ்ஸுக்கு மாறினேன். வழி முழுக்க அந்த அழைப்பிதழ்தான் மனதில். அவன் வந்து சொல்லாவிட்டால் என்ன, நான் போயிருக்கலாம். போயிருந்தால் ஒன்பது வருடம் இப்படிப் போயிருக்காது. சந்தையடியில் இறங்கி, ஒரு மலர்மாலை வாங்கினேன். முன்னர் ஒருமுறை அவன் மகளின் வீட்டை ஒருவர் எனக்குக் காட்டியிருந்தார், மேல்மாடியில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிற வீடு.

ஒழுங்கைக்குள் வெள்ளைக்கொடி இல்லை. பந்தல் இல்லை. பறை இல்லை. கிரியை முடிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிந்திவிட்டேன் என்றபடியே கேற்றைத் திறந்தேன்.

உள்ளே முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு அவன் இருந்தான்.

அவன் என் வேட்டியைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான்.

"ஆரின்ரை செத்தவீடு?"

பொய் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. "உன்ரை" என்றேன்.

"எப்பவாம்?"

"ரீவியிலை இண்டைக்குக் காலமை போட்டவங்கள். உன்ரை படம்."

அவன் தன் போனைத் தட்டி எதையோ தேடினான். பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதுவோ?"

"ஓம்."

"வடிவாப் பாரடா. அண்ணை. அவரின்ரை பழைய படம்."

எங்கள் பக்கத்தில் அறிவித்தலுக்கு நல்ல படம் என்று தேடி எடுப்பது எப்போதும் பழைய படம்தான். தமையனின் அறுபது வயது முகம் இப்போது தம்பிக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறேன்.

"அண்ணை எப்ப?"

"மூண்டு வருசம். நாள் முழுக்கக் கறண்ட் நிப்பாட்டின காலம். கேபிளிலையும் போட்டம், பேப்பரிலையும் போட்டம்."

கறண்ட் இல்லாத வீட்டில் கேபிள் எதைக் காட்டும்? நான் நம்பியிருந்ததும் கைவிட்டுத்தான் இருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றான். "பிரேதம் எடுக்கக்குள்ளை கூடச் சொன்னனான், கொஞ்சம் பொறுங்கோ, ஒருத்தன் வரவேணும் எண்டு."

"ஆளனுப்பியிருக்கலாமெல்லோ?"

"நீ அறிஞ்சும் வரேல்லை எண்டு நினைச்சன். கலியாணத்துக்கும் வராதவன்தானே."

"நீ வந்து சொன்னனியே கலியாணத்தை?"

"எனக்கு அப்ப கால் முறிஞ்சு கிடந்தது. ஒருத்தரும் உனக்குச் சொல்லேல்லையே?"

ஒருவரும் சொல்லவில்லை. கால் முறிந்தது உண்மைதானா என்று எனக்கு இன்றைக்கும் சின்னச் சந்தேகம். ஆனால் அவன் எழும்பி நடந்தபோது ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தான். உள்ளே கூட்டிக்கொண்டு போனான். சுவரில் தமையனின் படம். மாலையை அதற்குப் போட்டேன். அவனுடைய மகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். செத்தவீட்டுக்கென்று வந்த இடத்தில் குடிக்கிறதா விடுகிறதா என்று தயங்கினேன்.

"குடி" என்றான் அவன். "என்ரை செத்தவீட்டிலை நான் தாறன், குடி."

குடித்தேன். வெகுநேரம் இருந்தோம். நீரோட்டத்தைப் பற்றியும் அந்த மூங்கில் மிதவையைப் பற்றியும் அவன் கேட்டான். தமையனின் கடைசி நாட்களைப் பற்றி நான் கேட்டேன். வலை, வலை என்று கையை அளைந்துகொண்டு கிடந்தாராம்.

வெளிக்கிடும்போது செத்தவீட்டுப் பழக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் எழும்பி நடந்துவிட்டேன். கேற்றடியில் அவன் குரல் கேட்டது:

"டேய்! சொல்லிப்போட்டுப் போடா. நான் இன்னும் சாகேல்லை."

"போட்டு வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கிணற்றடியில் வாளியோடு நின்றாள். பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். "குளிச்சிட்டு உள்ளை வாங்கோ அப்பா. ஆர் செத்தது?"

மூன்று வருடம் பிந்திய சாவுக்குக் குளிக்கவேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. வலை போடப் பழக்கின மனிதர். குளித்தேன். குளித்து முடிய அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனில் அந்த அறிவித்தலை எடுத்து, அடியில் இருந்த திகதியை வாசித்துக் காட்டினாள். "இதிலை போட்டிருக்குத்தானே அப்பா" என்றாள். போட்டிருக்கிறதுதான். வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் போட்டிருக்கிறது.

கேபிளைத் திரும்ப எடுப்போமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதையும் இனி எப்படி நம்புவது?

இதைக் கேட்கிறவர்களிடம் எனக்கு ஒன்று கேட்கவேண்டும். எங்கள் கரையில் அந்த மனிதரோடு வலை இழுத்தவர்கள், அவரிடம் தொழில் பழகியவர்கள் அங்கங்கே இருப்பார்கள். என்னைப்போல வாசிக்கத் தெரியாத ஆட்களும் இருப்பார்கள். கறண்ட் இல்லாத நாட்களில் அவர்களுக்கும் இந்தச் சேதி தவறியிருக்கும். கண்டால் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரியவர் போய் மூன்று வருடமாகிறது. தம்பி உயிரோடுதான் இருக்கிறான். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.