ஏஜென்சிக்காரனுக்குப் போட்ட எஸ்.எஸ்.டி

அவரை ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். இலங்கை மலையகத்து லுணுகலை டவுனில் நான் கணினி திருத்தும் கடைக்கு நாலு கடை தள்ளி அவனுடைய ஆபீஸ். தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வீட்டு வேலைக்கு வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிற தொழில். கணினி திறக்கக் கால் மணி நேரம் ஆகிறது என்று என்னைக் கூப்பிட்டான்.

பெட்டியைக் கழற்றினால் உள்ளே கரப்பான் முட்டை, பாக்குத் துண்டு, காற்றாடி முழுக்கப் பிசுபிசுவென்று கறுப்பு அழுக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது டிரைவை மாட்டினேன். விண்டோஸ் முழுக்க வைரஸ் என்பதால் லினக்ஸ் போட்டேன். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துவைக்கிற வீண் எழுத்தை நிறுத்தினேன். வாரத்துக்கு ஒரு தடவை டிரிம் தானாக ஓட ஏற்பாடு செய்தேன். நாம் அழித்த கோப்பு எந்த இடத்தில் இருந்தது என்று எஸ்.எஸ்.டிக்குச் சொல்வது டிரிம்தான். உடனே எஸ்.எஸ்.டி. அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பழைய டிஸ்க்கில் அழித்ததைத் தோண்டி எடுக்கலாம். இதில் டிரிம் ஓடிய பிறகு எந்தக் கொம்பனாலும் முடியாது.

பிறகு பழைய கோப்புகளைப் புதியதில் ஏற்றி, ஒழுங்காக வந்திருக்கிறதா என்று சிலதைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஒரே நீலச் சுவர். அதன் முன்னால் ஒவ்வொரு பெண்ணாக, தலை முதல் கால் வரை. பக்கவாட்டில் ஒன்று, உள்ளங்கைகளை விரித்துக் காட்டி ஒன்று, பல்லைக் காட்டி ஒன்று. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். கோப்புகளில் ஒருத்தியின் பெயரும் இல்லை. ‘கறுப்பு, பலசாலி.’ ‘ரெண்டு பிள்ளை, அழமாட்டா.’ ‘வாயில்லாப் பூச்சி.’ மாட்டை விற்கிறவன்கூட அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான்.

அப்போதுதான் ஒரு பெண் வந்து ஆபீஸ் வாசலிலேயே நின்றாள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, ‘வாயில்லாப் பூச்சி’ இவள்தான்.

“ஐயா, நான் போகலைங்க. சின்னவனுக்கு இழுப்பு வந்துருச்சு. என் போட்டோவ அழிச்சிருங்க. அது கம்ப்யூட்டர்ல இருக்கிற வரைக்கும் நான் போய்த்தான் ஆகணும்னு சொன்னீங்களே.”

இந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறானோ.

அவன் சிரித்துக்கொண்டே மௌஸைப் பிடித்தான். “இந்தா, நீயே பாரு. அழிச்சாச்சு.”

படம் திரையிலிருந்து மறைவதை அவள் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் படி இறங்கியதும் என் பக்கம் திரும்பினான். “தங்கச்சி, படம் கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியிலதான் கிடக்கு, அதுல கை வச்சிராதீங்க. ரெண்டு நாள்ல மனசு மாறிருவா. பழைய டிஸ்க்க நீங்களே தூக்கிப் போட்டுருங்க.”

அத்தனை பெண்களும் இருக்கிற டிஸ்க்கைத் தேயிலைச் சக்கை மாதிரி எறியச் சொல்கிறான்.

அவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். டெர்மினலைத் திறந்து டிரிமை நானே ஓட்டினேன். இத்தனை ஜிகாபைட் துடைத்தாயிற்று என்று ஒரு வரி வந்தது. பழைய டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோய் முழுக்கப் பூஜ்யம் எழுதி அழித்தேன். அடுத்தவர் கோப்பில் கை வைத்தது தப்புதான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டேன் என்று திமிராகவே இருந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “தங்கச்சி, அந்த மடுல்சீமைப் பொம்பள போட்டோவக் காணோம். எடுத்துத் தாங்களேன்.”

“வராதுங்க. இந்த டிரைவ்ல போனா போனதுதான்,” என்றேன். சொல்ல இனிப்பாக இருந்தது.

அவன் கோபப்படக்கூட இல்லை. “போனாப் போவுது. ஆளு தோட்டத்து லயத்து வீட்டுலதானே இருக்கா. வேன அனுப்பியிருக்கேன், கூட்டியாந்து வேற எடுத்துக்கலாம். மெஷின் நல்ல ஓட்டம் தங்கச்சி, தொட்டதும் திறக்குது.”

போனை வைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் வாசலில் நின்ற நேரத்தில், போட்டோ இருந்தாலும் நீங்கள் போகத் தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு நான் டிஸ்க்கைத் துடைத்தேன்.