எரிந்த கப்பலும் குறைத்து வைத்த வால்யூமும்

1. என் வாயால் வந்த வினை

"நிஜந்தான் பாய். படம் புடிச்சிருக்கான் இல்ல? கேமரா பொய் சொல்லுமா?"

இப்படிச் சொன்ன மேதாவி நான்தான். எண்பதுகளின் நடுவில் பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கேசட்டு போட்டுப் படம் பார்க்கும் வீடியோ டெக்கு ஒன்றும் கலர் டிவியும் வாங்கி வாடகைக்கு விட்டேன். அக்கம்பக்கத்தில் டெக்கு வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் தலைக்கனம். படத்தைப் பற்றி எவர் எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் என் வாயில் வராது.

அன்று டெக்கு போட்டது இறால் வியாபாரி இப்ராஹிம் பாய் வீட்டில். அவர் மகன் ஷாகுல் வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல்களையும் குண்டு போட்டு அடிக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஷாகுலிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அந்த நேரம் பார்த்து, வளைகுடாவில் வேலை செய்யும் உறவுக்காரர் கரீம் லீவில் வந்தார். அங்கே டிவியில் வந்த போர்ச் செய்தியைப் பதிவு செய்து கேசட்டாகக் கொண்டுவந்திருந்தார்.

செய்தி இங்கிலீஷில் ஓடியது. யாருக்கும் புரியவில்லை, வெறும் இரைச்சல் என்று வால்யூமை அடியோடு குறைத்துவிட்டேன். புகை, விமானம், ஓடுகிற ஜனம். நடுவில் படம் குதித்துக் கோடு கோடாக வந்தது. டெக்குக்குள் கேசட்டு நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்தேன். டெக்கை நிறுத்தி, ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து மறுபடி போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பளிச்சென்ற படத்தில்தான் ஒரு பெரிய கப்பல் தீப்பிடித்து இரண்டாக உடைந்தது. பச்சைப் புகைக்கூண்டு, நடுவில் வெள்ளைப் பட்டை. ஷாகுல் அனுப்பிய போட்டோவில் அவன் பின்னால் நின்ற கப்பலுக்கும் அதே பச்சை, அதே பட்டை. இப்ராஹிம் பாய் என் பக்கம் திரும்பி, "நிஜமா தனபாலு?" என்று கேட்டார். என் பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

2. டீக்கடை வழக்கு

இரண்டே நாளில் ஊர் இரண்டு கட்சியானது. "கரீமு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்" என்றது ஒரு கட்சி. "அவன் கதை வுடுறான்பா" என்றது இன்னொன்று. இன்று போனில் ஒரு போர் வீடியோ வந்தால் அடித்துக்கொள்கிறார்களே, அதே சண்டைதான். டீக்கடை பெஞ்சில் முகம் பார்த்துத் திட்டிக்கொண்டார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இப்ராஹிம் பாய் சாப்பாட்டை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொல்லிவிட்டு மருமகள் நூர்ஜஹானை இத்தாவில் உட்கார வைக்கலாம் என்று பேச்சு வந்தது. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது அது.

வியாழக்கிழமை காலை நூர்ஜஹான் என் கடைக்கு வந்தாள்.

"நிஜம்னு சொன்னது நீங்கதானேண்ணே? இன்னொரு தபா போடுங்க. அதுல அவரு இருக்காரான்னு நான் பாக்கணும். பாக்காம நான் உக்கார மாட்டேன்."

ஹெட்டை மறுபடி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மத்தியானமே டெக்கைத் தூக்கிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன்.

3. தண்ணியைப் பார்த்தவர்

கப்பல் எரியும் இடம் வந்தபோது இறால் கூடையோடு ஏழுமலை வந்தார். கடலோரக் குப்பத்துக்காரர், பாய்க்கு இறால் போடுகிறவர். வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"இன்னா பாய் இது? கடலா இது?"

"கடல் இல்லாம பின்ன ஏரியா?" என்று கரீம் முறைத்தார்.

"தெறிக்கிற துளியப் பாரு. கப்பல் மலையாட்டம் நிக்குது, ஒவ்வொரு துளியும் ஆள் தலை பெருசு இருக்குது. எந்தக் கடல்ல அப்படித் தெறிக்கும்? தொட்டில தண்ணி ஊத்தி பொம்மக் கப்பல வுட்டிருக்கான்."

"நான் பொய் சொல்றேனா? என் கையால ரெக்கார்டு பண்ணது!"

"உன்ன சொல்லல நைனா. தண்ணி பொய்யின்றேன்."

நாங்கள் எல்லோரும் கப்பலைப் பார்த்தோம். அவர் ஒருவர்தான் தண்ணீரைப் பார்த்தார்.

நான் ரீவைண்ட் செய்தேன். அதே இடத்தில் படம் மறுபடியும் குதித்தது. ஹெட்டை அன்று காலைதான் துடைத்திருந்தேன். அப்படியானால் கோளாறு ஹெட்டில் இல்லை.

"கரீம் பாய், கேசட்டு புதுசா?"

"ரூம்ல கெடந்த பழசு. இன்னாவோ இங்கிலீஷ் படம் இருந்துச்சு. அது மேலயே அடிச்சேன்."

செய்தி முடிந்த இடத்தில், அடியில் இருந்த பழைய படம் அழியாமல் அப்படியே தொடர்கிறது, குதிப்பு அந்த இடத்தில்தான்! நான் போய் வால்யூமைக் கூட்டினேன். படம் குதிக்கும்வரை செய்தி வாசிப்பவன் குரல். குதித்ததும் பத்து இருபது பிடில்கள் சேர்ந்து உருகி உருகி வாசித்தன.

நூர்ஜஹான்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏண்ணே, கப்பல் எரியறப்ப எவன் உக்காந்து பிடில் வாசிக்கிறான்?"

இப்ராஹிம் பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடி அழுதார். கரீம் தலையில் அடித்துக்கொண்டார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"பாய், இந்தக் கப்பல் சினிமா. முன்னாடி வந்தது செய்திதான், சண்டை நிஜந்தான். ஷாகுல் எப்படி இருக்கான்னு இந்தக் கேசட்டுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றேன். சொல்லும்போது கூசியது.

"அது போதும்ணே. தெரியாதுன்னா காத்திருக்கலாம்" என்றாள் நூர்ஜஹான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அறிவிப்பும் இல்லை, இத்தாவும் இல்லை.

4. கற்றது

அதன்பிறகு வால்யூமைக் குறைத்துவிட்டு எந்தக் கேசட்டையும் போட்டதில்லை. யாராவது "நிஜமா?" என்றால், இது எங்கே, எதன் மேல் பதிவானது என்று முதலில் கேட்பேன். படத்தில் தண்ணீர் வந்தால் ஏழுமலையைக் கேட்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகினேன். கடைக்கு வாடிக்கை ஒன்றும் குறையவில்லை.

மூன்று வாரம் கழித்து நூர்ஜஹான் கடைக்கு ஓடிவந்தாள். கையில் வெளிநாட்டுத் தபால். ஷாகுலை வேறு கப்பலுக்கு மாற்றியிருந்தார்கள், பழைய கடிதங்கள் துறைமுகத்திலேயே கிடந்துவிட்டனவாம். கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நிஜமான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

"எனக்குத் தெரியாதும்மா. அவன் கையெழுத்து உனக்குத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள்.